காயிலுக்கும் ஒரு வயது உண்டு

எங்கள் மண்ணூரில் இப்போது வாடகை அறைகள்தான் அதிகம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் கம்பெனி. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துப் பையன்கள் அறைக்கு நாலு பேர் என்று தங்கி வேலைக்குப் போய் வருகிறார்கள். எங்கள் வீட்டு மாடியிலும் அப்படி நாலு பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு தம்பி போன மாதம் ஒரு நாள் காலையில் கீழே இறங்கி வந்தான். முகமே சரியில்லை.

"சார், நேத்து ராத்திரி வண்டி செத்துப் போச்சு சார்."

"எங்கப்பா?"

"வாலாஜாபாத் ரோட்டுல. ஒரு டிரெய்லரை ஓவர்டேக் பண்ண வலது பக்கம் ஏறினேன். ஃபுல்லா முறுக்கினேன். திடீர்னு இன்ஜின் கட். பின்னாடி இன்னொரு டிரெய்லர் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட்தான் இருக்கும். அப்புறம் தானா புடிச்சுக்கிச்சு."

சொல்லிவிட்டு அவனே தீர்ப்பும் சொன்னான். "கம்பெனி காயில் வேஸ்ட் சார். ரேசிங் காயில் ஆன்லைன்ல இருக்கு. ஏற்கெனவே ரேசிங் சிடிஐ போட்டுட்டேன். இதையும் மாத்திடலாமா?"

முப்பது வருடத்துக்கு மேல் இருசக்கர வாகனங்களுக்கான இக்னிஷன் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் நான். அதனால் இந்தப் பக்கத்துப் பையன்கள் வண்டி மிஸ்ஸிங் அடித்தால் என்னிடம் வருவார்கள். 'கம்பெனி காயில் வேஸ்ட்' என்ற வார்த்தையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது பாதி பொய், பாதி உண்மை. இரண்டு பாதியையும் பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பொய்யான பாதி. அதிக சுற்றில் கம்பெனி இக்னிஷன் தாங்காது என்பது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அதன் நினைவுதான் இன்னமும் வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது.

1980-களில் சோழவரத்தில் பந்தயம் பார்க்கப் போவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தய மைதானம் 1990-இல்தான் வந்தது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த ராஜ்தூத் ஆர்டி 350 அப்போது எங்களுக்கெல்லாம் கனவு வண்டி. இரண்டு சிலிண்டர், அதற்கு இரண்டு பாயின்ட் செட், இரண்டு கண்டென்சர், இரண்டு காயில். பாயின்ட் இடைவெளி 0.3-இலிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பந்தயத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஃபீலர் கேஜ் வைத்து அதைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

பாயின்ட் என்பது கேம் உருள உருளத் திறந்து மூடும் ஒரு சின்ன ஸ்விட்ச். அதை மூடுவது ஒரு ஸ்பிரிங். சுற்று ஏறும்போது ஒரு கட்டத்தில் அந்த ஸ்பிரிங்கால் கேமைப் பின்தொடர முடியாது. பாயின்ட் மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் துள்ளும். பொறி தப்பும். கேமில் உரசும் அடிக்கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங்கும் பின்தங்கிப் போகும்.

காயிலுக்கும் ஒரு எல்லை இருந்தது. அம்பாசடர், பத்மினி காலத்து ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சிலிண்டருக்கும் ஒரே காயில். 6,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 200 பொறி வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவில் 5 மில்லி நொடி. அதில் பாயின்ட் மூடியிருப்பது தோராயமாக 3 மில்லி நொடி. அந்த நேரத்துக்குள் காயிலில் கரண்ட் நிறைய வேண்டும். 12 வோல்ட், 3 ஓம் என்றால் முழுசாக 4 ஆம்பியர் வர வேண்டும். ஆனால் காயில் கரண்டை உடனே உள்ளே விடாது. அந்த வகைக் காயிலில் 3 மில்லி நொடிக்குள் சுமார் 63 சதவீதம்தான், அதாவது இரண்டரை ஆம்பியர்தான் ஏறியிருக்கும். பொறியின் சக்தி கரண்டின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதனால் கிடைக்கும் சக்தி முழு அளவில் 40 சதவீதம் மட்டுமே. இன்ஜினுக்கு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் காயில் அரை வயிற்றோடு வேலை செய்கிறது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் சிடிஐ. அதில் பாயின்ட் கிடையாது. ஒரு கண்டென்சரில் சில நூறு வோல்ட்டைச் சேர்த்து வைத்து, சரியான கணத்தில் ஒரு எலக்ட்ரானிக் ஸ்விட்ச் அதை மொத்தமாகக் காயிலில் கொட்டும். காயில் நிறையக் காத்திருக்க வேண்டியதில்லை. 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 இதோடுதான் வந்தது. அந்தச் சின்ன இன்ஜின் 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் கொடுத்தது. டூ ஸ்ட்ரோக் என்பதால் சுற்றுக்கு ஒரு பொறி, நொடிக்கு 125 பொறி. பாயின்டை அடிக்கடி திறந்து பார்க்கும் வேலையே மெக்கானிக்குகளுக்கு இல்லாமல் போயிற்று.

இன்றைய வண்டிகளுக்கு வருவோம். ஃபோர் ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் 10,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 83 முறைதான் எரிய வேண்டும். சிடிஐக்கு இது பெரிய வேலையே இல்லை. கம்பெனி சிடிஐ ஏதோ ஒரு சுற்றில் பொறியை நிறுத்துகிறதென்றால், அது முடியாமல் நிறுத்தவில்லை, வேண்டுமென்றே நிறுத்துகிறது. அதற்கு மேல் போனால் வால்வு ஸ்பிரிங் வால்வை நேரத்துக்கு மூடாது. பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அந்தச் சுற்றுக்குக் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை அல்ல. அந்த நிறுத்தம் இன்ஜினைக் காக்க வைத்த காவல்.

கடையில் 'ரேசிங் சிடிஐ' என்று விற்பதில் பலவும் செய்யும் வேலை ஒன்றுதான். அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. டைமிங்கையும் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடும். வண்டி துள்ளுகிற மாதிரி தெரியும். கம்பெனி போட்ட டைமிங் வரைபடம் கம்பெனி சைலன்சருக்கும் கார்புரேட்டருக்கும் நம்மூர் பெட்ரோலுக்கும் ஏற்றபடி போட்டது. 10,000 சுற்றில் ஒரு டிகிரி என்பது ஒரு நொடியின் அறுபதாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கை யார் எந்த இன்ஜினில் வைத்து மாற்றினார்கள் என்று அந்தப் பெட்டியில் எழுதியிருக்காது.

ஆக, தம்பியிடம் சொன்னேன். "வேகத்துக்குக் கம்பெனி காயில் தாங்கும்பா. வேற எங்கேயோ கோளாறு. பக்கத்து கவரைக் கழட்டு."

இப்போது உண்மையான பாதி.

வண்டி 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மேக்னட் கவருக்குள் பிக்அப் காயில் என்று ஒரு சின்னப் பாகம் உண்டு. கட்டை விரல் அளவுதான் இருக்கும். மேக்னட் சுற்றும்போது, 'இப்போது பொறி விடு' என்று சிடிஐக்குச் சொல்வது அதுதான். முடியை விட மெல்லிய செம்புக் கம்பி பல நூறு சுற்று சுற்றப்பட்டிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். 200 ஓம். கச்சிதம். எந்த மெக்கானிக்காக இருந்தாலும் 'பிக்அப் ஓகே' என்று சொல்லிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போயிருப்பார்.

நான் என் மருமகளின் முடி உலர்த்தியைக் கேட்டு வாங்கினேன். (ஏன் என்று அவள் கேட்கவில்லை. பழகிவிட்டது.) பிக்அப் மேல் சூடான காற்றை அடித்தேன். மீட்டர் 210, 230, 250 என்று ஏறியது. அது இயல்பு. செம்பு சூடானால் தடை கூடும், 70 டிகிரி ஏறினால் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் கூடும். இன்னும் கொஞ்சம் சூடு பண்ணி, ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டினேன். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. கம்பி அறுந்த நிலை. ஐந்து நிமிடம் ஆற விட்டேன். மறுபடி 200 ஓம், எதுவுமே நடக்காதது போல.

உள்ளே கம்பியில் எங்கோ மயிரிழை விரிசல். ஆறியிருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் சூடாகி, அதிர்வும் சேர்ந்தால் பிரியும். அதிர்வின் விசையும் சுற்றின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 10,000-இல் நின்றிருக்க வேண்டிய இன்ஜினை ரேசிங் சிடிஐ 11,500 வரை விட்டது. விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. பலவீனமான கம்பி அன்று ராத்திரி டிரெய்லர் பக்கத்தில் வைத்துப் பிரிந்தது.

இதில் தம்பியின் தவறு இருக்கிறது. அதை அவனிடமே சொல்லிவிட்டேன். ஆனால் காவலோடு ஓட்டியிருந்தாலும் அந்தக் கம்பி இன்னும் கொஞ்ச நாளில் பிரிந்துதான் இருக்கும். சுற்றின் எல்லை வண்டியிலேயே பதிந்து கிடக்கிறது. சூட்டுக்கும் வயதுக்கும் ஒரு எல்லை இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், கொஞ்சம் கூச்சத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்த இடத்தில் பிக்அப் காயில் ஒவ்வொன்றையும் அளப்போம், அறையின் வெப்பத்தில். சூட்டில் வைத்து அளப்பது ஒரு லாட்டுக்கு ஐந்துதான். எல்லாவற்றையும் சூட்டில் அளக்கலாமே என்று ஒருமுறை கூட்டத்தில் கேட்டேன். அடுப்பில் வைத்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று திருப்பிக் கேட்டார்கள். நாற்பது நிமிடம் என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. நானும் விட்டுவிட்டேன்.

அது கூடப் பரவாயில்லை. 'வண்டி சூடானால் நிற்கிறது' என்று வெளியிலிருந்து திரும்பி வரும் காயில்கள் என் மேஜைக்குத்தான் வரும். வரும்போது ஆறித்தான் இருக்கும். அளந்தால் சரியாக இருக்கும். 'குறை ஏதும் இல்லை' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவேன். எத்தனை காயிலுக்கு அப்படிக் குத்தியிருப்பேன் என்று இப்போது கணக்கு இல்லை. முடி உலர்த்தி வீட்டில் அன்றைக்கும் இருந்தது.

இது எங்கள் ஒரு கம்பெனியின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1980-களில் தன் கார்களில் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பொருத்தியது. இன்ஜினில் மிகவும் சூடாகும் இடங்களில் அது ஒன்று. ஓடும் கார் திடீரென்று நிற்கும். ஆறினால் கிளம்பும். கடைக்குக் கொண்டுபோனால் எந்தக் குறையும் தெரியாது. வழக்கு நடந்து, 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியா நீதிபதி ஒருவர், நிறுவனம் இந்த ஆபத்தை அறிந்தே மறைத்தது என்று சொன்னார். மறு வருடம் சமரசம் ஆயிற்று. அவை குடும்பத்தோடு ஆபீசுக்கும் கடைக்கும் போகிற சாதாரணக் கார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டின் தொழிற்சாலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. 2021 மே மாதம் அந்த நிறுவனம் கிளாசிக், புல்லட், மீட்டியர் வண்டிகளில் 2,36,966-ஐ இந்தியா உட்பட ஏழு நாடுகளில் திரும்ப அழைத்தது. காரணம் இக்னிஷன் காயில். வெளியிலிருந்து வாங்கிய காயிலில் கோளாறு. மிஸ்ஸிங் வரலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்கியூட் கூட ஆகலாம் என்று தானாகவே அறிவித்தது. காயில் மாற்ற வேண்டி வருவது பத்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று மதிப்பிட்டும் எல்லாவற்றையும் அழைத்தது. இது நல்ல வழக்கம் என்பேன்.

அந்த கிளாசிக் 350 தன் முழு சக்தியைத் தருவது 5,250 சுற்றில். நிதானமான இன்ஜின். அதன் காயிலே கெட்டுப்போகலாம் என்றால், 'அதிக சுற்றுதான் காயிலைக் கெடுக்கிறது' என்ற வாதம் எங்கே நிற்கிறது? காயிலைக் கெடுப்பது சூடு, அதிர்வு, ஈரம், வயது, சில சமயம் சுற்றிய கை. அதிக சுற்று அந்தக் கெடுதலைச் சீக்கிரம் வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

இதற்கு என்ன செய்யலாம்? ஆகாயத்தில் ஓடுகிறவர்கள் வெகு காலம் முன்பே செய்துவிட்டார்கள். பிஸ்டன் இன்ஜின் வைத்த சின்ன விமானங்களில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், இன்ஜினுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. கிளம்பும் முன் பைலட் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார். பரவலாகப் பயன்படும் மேக்னெட்டோக்களை 500 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சோதிக்க வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும். இக்னிஷன் ஒரு நாள் கைவிடும் என்று ஒப்புக்கொண்டுதான் அவர்கள் தொடங்குகிறார்கள்.

500 மணி நேரத்தை நம் சாலைக் கணக்குக்கு மாற்றினால், மணிக்கு 40 என்று வைத்து, 20,000 கிலோமீட்டர். தம்பியின் வண்டி அந்தக் கணக்கில் 1,450 மணி நேரம் ஓடிவிட்டது. இரண்டு சோதனை முடிந்து மூன்றாவது நெருங்கியிருக்க வேண்டும். ஒன்றுகூட நடக்கவில்லை, நடக்க வேண்டும் என்று எங்கும் எழுதியும் இல்லை. அவனுடைய வண்டிக் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். ஆயில், செயின், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டர் போட்டிருக்கிறது. பிக்அப், காயில், பிளக் மூடி பற்றி ஒரு வரி இல்லை.

கம்பெனிக்காரர்கள் ஒரு பதில் சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன். 'பெரும்பாலான காயில்கள் வண்டியின் ஆயுசு முழுக்க வரும். நல்ல பாகத்தை ஏன் மாற்றச் சொல்ல வேண்டும்? வாடிக்கையாளருக்கு வீண் செலவு.' நியாயம்தான். நானும் மாற்றச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன். சர்வீசுக்கு வரும் வண்டி சூடாகத்தான் வந்து நிற்கிறது. ஆறுவதற்கு முன்னால் மீட்டரை வைத்தால் ஐந்து நிமிட வேலை.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. கம்பெனிகள் கையேட்டில் இக்னிஷன் பாகங்களுக்கும் ஒரு கிலோமீட்டர் போடட்டும். 'சூட்டில் சோதிக்கவும்' என்று ஒரு வரி போதும். சர்வீஸ் சென்டர்கள், 'சூடானா நிக்குது' என்று ஒருவன் சொன்னால், சூடாக்கிப் பார்க்காமல் குறையில்லை என்று எழுதக் கூடாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் 'குறை இல்லை' என்று முத்திரை குத்திய காயில் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஏறாத குறைக்கு எந்தச் சட்டமும் உதவாது.

மூன்றாவது, தம்பிகளுக்கு. கம்பெனி வைத்த காவலை எடுக்காதீர்கள். 11,000 சுற்றுக்கு ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் மைதானம் இருக்கிறது. அங்கே பொறி தப்பினால் பின்னால் டிரெய்லர் வராது. கொடி காட்ட ஆள் இருப்பார்கள். பந்தயக்காரர்கள் மாற்றுப் பாகம் கையோடு வைத்திருப்பார்கள், எது எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதியும் வைத்திருப்பார்கள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவர்கள் முறுக்குகிறார்கள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை புது பிக்அப் வாங்கி வந்தான். தனியாகக் கிடைக்கவில்லை, ஸ்டேட்டர் தட்டோடு சேர்த்துத்தான். ரேசிங் சிடிஐக்குக் கொடுத்ததை விடக் கொஞ்சம் கம்மி என்று அவனே சொல்லிச் சிரித்தான். பழைய கம்பெனி சிடிஐயைத் துணி சுற்றி அலமாரியில் வைத்திருந்தான். இரண்டையும் மாட்டினோம். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தான். சூட்டிலேயே அளந்தேன். சரியாக இருந்தது.

"இது எவ்வளவு நாள் வரும் சார்?" என்றான்.

முப்பது வருடம் இதையே அளந்தவன் நான். பதில் தெரியாமல் பாகம் வந்த அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாகத்தின் எண் இருந்தது, விலை இருந்தது, பேக் செய்த மாதம் இருந்தது. அவன் கேட்டது மட்டும் இல்லை.

பெட்டியின் மேலேயே அன்றைய கிலோமீட்டரை எழுதி அவன் கையில் கொடுத்தேன். "இருபதாயிரம் ஓடினதும் வாப்பா, சூடு ஆறுறதுக்குள்ள வா" என்றேன்.